பள்ளியின் ஆண்டு இறுதி மடல் உங்கள் தலையில் விழுந்துவிட்டதா?

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பதினோரு வருஷமாக எங்கள் தொடக்கப் பள்ளியின் ஆண்டு இறுதிச் செய்தி மடலை நான்தான் தயார் செய்கிறேன். கேட்டு வாங்கிய வேலை இல்லை. "உங்க கையெழுத்து நல்லா இருக்கே டீச்சர், நீங்களே பார்த்துக்குங்க" என்று ஒரு மீட்டிங்கில் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மடல் கம்ப்யூட்டரில் அடிப்பது, அதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கலாம், ஆனால் வேலை பிடித்துப்போய்விட்டது.

இந்த வருஷம் அது உங்களிடம் வந்திருக்கிறது என்றால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மடலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. சாயங்காலம் பிள்ளையின் பையைக் காலி செய்யும்போது, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் மடலுமாக, நின்றபடியே புரட்டுகிறார்கள். அப்போது கண் தேடுவது இரண்டே விஷயம்: என் பிள்ளையின் பெயர் இதில் இருக்கிறதா, அடுத்து எந்த நாளில் நான் பள்ளிக்கு வர வேண்டும். இந்த இரண்டும் அரை நிமிஷத்தில் அகப்பட்டால் மீதியையும் படிப்பார்கள். அகப்படாவிட்டால் தாள் புத்தக அட்டை போடப் போய்விடும்.

என் முதல் மடலில் முதல் பக்கம் முழுக்க வாழ்த்துரை. தேதிகள் நான்காம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். மறுநாள் காலை கேட்டில் நின்றேன். "லீவு என்னைக்கு விடுறாங்க டீச்சர்?" என்று பதினேழு பேர் கேட்டார்கள். எண்ணினேன்.

தேதிகள் முன்பக்கத்துக்கு

வரப்போகும் நிகழ்ச்சிகளை முன்பக்கத்தில் மேல் பாதியில் வையுங்கள். வாழ்த்துரை உள்ளே போகட்டும். தலைமையாசிரியர் வருத்தப்பட்டால், முன்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவார்கள், உள்பக்கத்தைத்தான் படிப்பார்கள் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

பல மடல்களில் "விளையாட்டு விழா விரைவில் நடைபெறும். பெற்றோர் அனைவரும் வருகை தந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று இருக்கும். அதைப் படித்தவருக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போகும் அம்மா அரை நாள் லீவு போடுவதா, முழு நாள் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தொடங்கும் நேரம் மட்டும் போதாது, முடியும் நேரமும் வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவது அதைத்தான். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

மார்ச் 14, சனிக்கிழமை: விளையாட்டு விழா. காலை 8.30 முதல் 11.30 வரை, பள்ளி மைதானம். 1, 2 வகுப்புகளின் போட்டிகள் 10 மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வெள்ளைச் சட்டை, ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில். பெற்றோர் வருவது கட்டாயம் இல்லை. மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை, இதே நேரம்.

"கட்டாயம் இல்லை" என்ற சொல்லை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கும். எழுதுங்கள். எதற்குக் கண்டிப்பாக வர வேண்டும், எதற்கு முடிந்தால் வந்தால் போதும் என்று பிரித்துச் சொன்ன வருஷத்திலிருந்து எங்கள் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. எல்லாமே முக்கியம் என்று எழுதினால் எதற்கும் வர மாட்டார்கள்.

தேதியை 5/4 என்று எழுதாதீர்கள். சிலருக்கு அது ஏப்ரல் 5, சிலருக்கு மே 4. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதி, பக்கத்தில் கிழமையையும் போடுங்கள். கிழமை போட்டால்தான் மனதில் நிற்கும். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. போன வருஷக் கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றிச் சேமிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒரு வருஷத்துக்கு 365 நாள். 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதனால் அதே தேதி அடுத்த வருஷம் ஒரு கிழமை தள்ளி விழும். 2025 மார்ச் 14 வெள்ளிக்கிழமை, 2026 மார்ச் 14 சனிக்கிழமை. நடுவில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு கிழமை தள்ளும். 2023 மார்ச் 1 புதன், 2024 மார்ச் 1 வெள்ளி. அடுத்து 2028-ல் இந்தக் குழப்பம் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் மாறுவேடப் போட்டிக்குத் தேதியை மாற்றினேன், கிழமையை மறந்தேன். கிழமையைப் பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள், தேதியைப் பார்த்தவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். மரமாக வேஷம் கட்டி வந்த ஒரு குழந்தை அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் கிளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டது. பக்கத்தில் இருந்தவன் இலையைப் பிய்க்கிறான் என்று மணிக்கொரு தடவை புகார் வேறு. அன்றிலிருந்து மடலை முடித்ததும் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் முடிவாகாத தேதி இருந்தால், முடிவாகவில்லை என்றே எழுதுங்கள். "மறு திறப்பு நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை, தெரிந்ததும் போனில் செய்தி வரும், கேட்டிலும் ஒட்டுவோம்" என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒரு தேதியைப் போட்டுவிட்டு மாற்றினால்தான் கோபம்.

செய்தி சேர்ப்பது

"உங்கள் வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று சக ஆசிரியர்களிடம் கேட்காதீர்கள். "நாளைக்குத் தரேன் டீச்சர்" என்பார்கள். அந்த நாளை அடுத்த ஜென்மத்தில்தான் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. வருஷக் கடைசியில் விடைத்தாள், மதிப்பெண் பதிவேடு, முன்னேற்ற அட்டை என்று கழுத்து வரை வேலை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்து, வாயால் கேட்டு நானே எழுதிக்கொள்கிறேன். ஒருவருக்குப் பத்து நிமிஷம். மடல் வெளிவருவதற்கு நான்கு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்த வருஷம் என்னென்ன நடந்தது?" என்று கேட்டால், "சுதந்திர தினம், ஆண்டு விழா, விளையாட்டு விழா" என்று பட்டியல் வரும். அது எனக்கே தெரியும். "வருஷ ஆரம்பத்தில் செய்ய முடியாத எதை இப்போது உங்கள் பிள்ளைகள் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். "யார் உங்களைச் சிரிக்க வைத்தார்கள்?" என்று கேளுங்கள். முதல் வகுப்பு டீச்சரிடம் இதைக் கேட்டபோது, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இப்போ எல்லாருமே ஷூ லேஸை அவங்களே கட்டிக்கிறாங்க. ஆரம்பத்துல தினமும் நாப்பது முடிச்சு நான் போட்டேன்" என்றார். அதை அப்படியே அச்சில் போட்டேன். ஆண்டு விழா செய்தியைவிட அதைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் பேசினார்கள்.

பிள்ளைகளிடமும் அப்படித்தான். "இந்த வருஷம் உனக்குப் பிடித்தது என்ன?" என்று முப்பது பேரைக் கேட்டால் இருபத்தெட்டுப் பேர் "விளையாட்டு பீரியட்" என்பார்கள். நான் கேட்பது வேறு: "அடுத்த வருஷம் இந்த வகுப்புக்கு வரப்போகிற தம்பி தங்கைக்கு ஒரு ரகசியம் சொல்லு." ஒருவன் சொன்னான்: "மூணாவது பெஞ்சுல ஓரத்துல உக்காராத, ஆணி இருக்கு." ஒரு வருஷமாக அந்த வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன், எனக்கு அந்த ஆணியைத் தெரியாது. மடல் அச்சுக்குப் போகும் முன்பே ஆணியைப் பிடுங்கியாயிற்று, ஆனாலும் வரியை எடுக்கவில்லை. இன்னொருத்தி சொன்னது: "டீச்சர் கண்ணாடியக் கழட்டினா கோவம்னு அர்த்தம்." அதையும் போட்டேன், வேறு வழி?

பிள்ளைகளின் பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள். "ஆணி உள்ளது, அமர வேண்டாம்" என்று மாற்றினால் அது அறிவிப்புப் பலகை ஆகிவிடும்.

"இனிதே நடைபெற்றது"

நம் பள்ளி மடல்களில் எல்லா விழாவும் "இனிதே" நடைபெறும். "வெகு விமரிசையாக" கொண்டாடப்படும். விருந்தினர் "சிறப்புரை" ஆற்றுவார். மாணவர்கள் "ஆர்வத்துடன்" கலந்துகொள்வார்கள். கடைசியில் நன்றியுரை, அத்துடன் விழா "இனிதே நிறைவுற்றது". பெயரையும் தேதியையும் மாற்றினால் எந்தப் பள்ளியின் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். இந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு அடித்துவிட்டு, மீதி என்ன நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நிற்காது. அப்படியானால் நிகழ்ச்சியில் இருந்த யாரையாவது போய்க் கேட்டு, அங்கே கண்ணால் கண்ட ஒன்றை எழுதுங்கள்.

விளையாட்டு விழாவைப் பற்றி நான் கடைசியாக எழுதியது இது: "முதல் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதும் ஏழு பேரில் இரண்டு பேர் கோட்டை நோக்கி ஓடினார்கள். ஐந்து பேர் அம்மாவைப் பார்த்து ஓடினார்கள். ஏழு பேருக்கும் மெடல் உண்டு." மூன்று வரி. அதற்கு மேல் அந்த விழாவுக்கு இடம் தரவில்லை. யார் தலைமை தாங்கினார், யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பது ஒரு வரியில் அடங்கும். அது மரியாதைக்கு வேண்டும், செய்திக்கு இல்லை.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. மடலை வீட்டில் முதலில் படிப்பவர் பல சமயம் அந்தப் பிள்ளைதான். அம்மா வேலையாக இருப்பார், "நீயே படி, கேக்குறேன்" என்பார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் படித்து முடிக்கக்கூடிய நீளம்தான் அளவு. சந்தேகம் இருந்தால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே வெட்டுங்கள்.

காணாமல் போன பொருட்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். எங்கள் மடலில் எப்போதும் அதிகம் படிக்கப்படும் இடம் அதுதான். "அலுவலக அறையில் காத்திருப்பவை: தண்ணீர் பாட்டில் 14, குடை 3, ஸ்வெட்டர் 6, இடது கால் ஷூ 1." அந்த ஒற்றை ஷூவைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஒற்றைக் காலில் வீட்டுக்குப் போன பிள்ளை யார் என்று இன்றுவரை தெரியாது.

கட்டணம், வருகைப் பதிவு, தலைமுடி வெட்டுவது போன்ற கண்டிப்பான சமாச்சாரங்களை மடலில் கலக்காதீர்கள். தனிச் சுற்றறிக்கையாகப் போகட்டும். பாராட்டும் திட்டும் ஒரே தாளில் இருந்தால் திட்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். அதேபோல், அந்த வருஷம் பள்ளியில் ஒரு மரணம் நேர்ந்திருந்தால், பரிசுப் பட்டியலுக்குப் பக்கத்தில் அது வரக் கூடாது. தனி இடம், சுற்றிலும் வெற்றிடம், மூன்று நான்கு வரி. எழுதியதைக் குடும்பத்தாரிடம் முதலில் காட்ட வேண்டும். ஓய்வு பெறும் ஆசிரியரைப் பற்றி எழுதுவதையும் அவரிடமே காட்டிவிடுங்கள். "பணி நிறைவு" என்று போடச் சொல்வார்களா, ஊர் மாறிப் போவதைச் சொல்லலாமா என்பது அவர்கள் விருப்பம்.

பெயர்கள்: வருகைப் பதிவேடும் பென்சிலும்

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மடலின் வரைவு தயாரானதும் ஒவ்வொரு வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மடலில் ஒரு பிள்ளையின் பெயர் வரும் இடமெல்லாம் பதிவேட்டுப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. முடித்துப் பார்த்தால் தெரியும்: நன்றாகப் பாடும், ஓடும், படிக்கும் நான்கைந்து பேருக்கு ஏழு கோடு, எட்டுக் கோடு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்றுகூட இல்லை. முதல் மூன்று இடம் மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

கோடு விழாத பெயர்களைத் தனித் தாளில் எழுதி, அந்தந்த வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய், "இவனைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்" என்று கேட்பேன். ஒரு தடவை இரண்டாம் வகுப்பில் ஒரு பையனைப் பற்றி டீச்சருக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. அமைதியான பையன். போட்டி எதிலும் சேரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டஸ்டரைத் தினமும் அவன்தான் வெளியே எடுத்துப்போய்த் தட்டிவிட்டு வருவான்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். கடைசி மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தான், யாரும் சொல்லவில்லை. டஸ்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் தட்டினான், ஒரு பக்கம் பத்துத் தடவை, மறு பக்கம் பத்துத் தடவை, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. முகத்தைத் திருப்பி வைத்திருந்தும் புருவம் வெள்ளையாகிவிட்டது. உள்ளே வந்து சாக்பீஸ் பெட்டியில் துண்டுகளைப் பிரித்தான். விரலில் பிடிக்க முடிகிற துண்டு ஒரு பக்கம், முடியாதது குப்பைக்கு. "இரண்டாம் வகுப்பின் கரும்பலகை இந்த வருஷம் முழுவதும் பளிச்சென்று இருந்ததற்குக் காரணம்" என்று அவன் பெயரைப் போட்டேன். அவனுடைய பாட்டி அடுத்த வருஷத் திறப்பு நாளில் அந்தத் தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். டஸ்டர் இன்னும் அவன் பொறுப்புதானா என்று கேட்டார்.

ஒருவர்கூட விடுபடாமல் எல்லோர் பெயரும் ஒரு தடவையாவது வந்தாக வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் இது சாத்தியமா என்றால், வகுப்புக்கு ஒரு பத்தி வைத்தால் சாத்தியம். அதற்கும் மேலே பெரிய பள்ளி என்றால் வகுப்புவாரியாக உள்தாள் போடலாம்.

அப்புறம் எழுத்து. லகரம், ளகரம், ழகரம், றகரம், ரகரம். பதிவேட்டில் இருப்பதே தப்பாக இருக்கலாம், முன்பு யாரோ காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். பட்டியலை அச்சடித்து வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைத் தானே பார்த்துச் சரி என்று குறி போடச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் கட்டாயம். எங்கள் பள்ளியில் ஒரு சமயம் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். "ஜன்னலோரம் உட்காருபவர்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.

படங்கள்

முதல் வேலை அனுமதி. வருஷ ஆரம்பத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இப்போதாவது ஒரு சீட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் பிள்ளைகள் பட்டியல் மேஜையில் எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டமாக எடுத்த படத்தின் பின் வரிசையில் அந்தப் பிள்ளை நிற்கும். படத்துக்குக் கீழே முழுப் பெயரையும் வீடு இருக்கும் இடத்தையும் சேர்த்துப் போட வேண்டாம். போனில் எடுத்த படத்தில், இடம் பதிவாகும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் மறைவாகப் பதிந்திருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் வெளியே பகிர வேண்டும்.

வகுப்புப் படம் எடுக்கும்போது யாராவது ஒருவர் கண்ணை மூடுவார்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு, நான் சொல்வது வேடிக்கை இல்லை. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, 2006-ல் கணிதப் பிரிவில் ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவருக்குக் கிடைத்தது. யாரும் கண் மூடாத ஒரு படம் கிடைக்க எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டதற்காக. இருபது பேருக்குக் குறைவான கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், வெளிச்சம் குறைவு என்றால் இரண்டால். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு வெளியே மைதானத்தில் ஆறு, வகுப்பறைக்குள் ஒன்பது. கூட்டம் பெருகப் பெருகக் கணக்கு எகிறிவிடும். அதனால் முப்பத்தைந்து பேரை ஒரே படத்தில் அடைப்பதைவிட இரண்டு குழுவாகப் பிரித்து எடுப்பது மேல். சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே இருக்க வேண்டாம். கண் மூடாவிட்டாலும் சுருங்கும். நிழல் ஒரே சீராக விழும் சுவரோரம் நல்லது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) என்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 1200 புள்ளி வேண்டும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுப்பதாக இருந்தால் படத்தை முன்கூட்டியே கொஞ்சம் வெளிறச் செய்துவிடுங்கள், நகலில் முகங்கள் கறுத்துவிடும். சிவப்பு எழுத்தில் போட்ட முக்கியத் தேதியும் அப்போது மற்ற எழுத்தைப் போலவேதான் தெரியும். தடித்த எழுத்தும் கட்டமும்தான் துணை.

தாள், எழுத்துரு

ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். அதனால் பக்கங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்றுதான் போக வேண்டும். ஐந்து பக்கம் எழுதினால் மூன்று பக்கம் வெறுமையாகக் கிடக்கும். எங்களுக்கு நான்கு போதும். ஏ4 அளவில் வடிவமைத்ததைச் சிக்கனத்துக்காக ஏ5 ஆக்கினால் நீளமும் அகலமும் 71 சதவீதமாகச் சுருங்கும், 14 பாயிண்ட் எழுத்து 10 ஆகிவிடும். பிள்ளையை அழைக்க வரும் தாத்தா பாட்டிகள் கண்ணாடியைத் தேடுவார்கள். 14-க்குக் கீழே நான் போவதில்லை, இடம் போதாவிட்டால் செய்தியைக் குறைக்கிறேன்.

எல்லோரும் யூனிகோடில் அடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்புவார், உங்கள் கம்ப்யூட்டரில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், அப்புறம் மாற்றி மாற்றி உட்கார வேண்டும். அச்சகத்துக்குப் பி.டி.எஃப். ஆக மட்டும் அனுப்புங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்து, அங்கே வேறு எழுத்துருவில் திறந்து, கொம்பு தனியே எழுத்து தனியே நின்ற ஒரு தலைப்பை எண்ணூறு கண்கள் பார்த்தன. அந்தத் தலைப்பு "செந்தமிழ்ப் போட்டி முடிவுகள்".

சரிபார்ப்பும் விநியோகமும்

எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. பெயர்களை வகுப்பாசிரியர்களும், தேதிகளை அலுவலகத்தில் ஒருவரும் பார்க்கட்டும். மூன்றாவதாகப் பள்ளி விஷயம் எதுவும் தெரியாத ஒருவர் வேண்டும். நான் என் வீட்டுக்காரரிடம் கொடுப்பேன். "அசெம்பிளி எங்கே நடக்கும்?" என்பார். நமக்குத் தெரியும் என்பதால் எழுதாமல் விட்டது அப்போதுதான் வெளியே வரும். மடலில் இருக்கும் போன் எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, உங்கள் போனிலிருந்து அந்த எண்ணை அடித்துப் பாருங்கள்.

கடைசி நாளில் கொடுக்காதீர்கள். கடைசி நாள் பை அப்படியே பரணுக்குப் போகும், திறப்பு நாளுக்கு முதல் நாள் இறங்கும். ஒரு வாரம் முன்பே, கடைசி பீரியடில் கொடுத்து, வகுப்பிலேயே முன்பக்கத்தை எல்லோரும் சத்தமாகப் படிக்க வையுங்கள். தங்களுக்கு வேண்டிய தேதிகளைக் கலர் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். வீட்டில் நினைவூட்டுகிற வேலையை அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தாளைப் பெற்றோரிடம் சேர்ப்பதற்கு நச்சரிக்கும் பிள்ளையைவிட நல்ல வழி நான் கண்டதில்லை. அன்று வராத பிள்ளைகளின் பிரதிகளில் பெயரை எழுதித் தனியே எடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, கட்டு பிரித்த ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு தப்பு கண்ணில் படும். தேதி தப்பு என்றால் யோசிக்காமல் சின்னச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்ட வேண்டியதுதான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் உதவினால் ஒரு பீரியடில் முடியும். பெயர் தப்பு என்றால், அந்தப் பிள்ளையின் பிரதியைப் பேனாவால் திருத்தி, மடலை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பு நீங்களே அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

போன வருஷம் ஒருத்தியின் பெயரில் ளகரத்தை அடித்து ழகரம் எழுதிக் கொடுத்தேன். "டீச்சர், உங்களுக்குமா தப்பு வரும்?" என்று கேட்டாள். வரும் என்றேன். மறுநாள் எதற்கோ வகுப்பில் மடலைப் பிரிக்கச் சொன்னபோது பார்த்தேன். முப்பத்திரண்டு பிரதியிலும் அதே இடத்தில் நீல மையில் அடித்துத் திருத்தியிருந்தது. இடைவேளையில் பெஞ்சு பெஞ்சாகப் போய் அவளே திருத்தியிருக்கிறாள்.